சொந்த வெப்சைட்டுக்கு எந்த மென்பொருள்? தேர்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார்குடி பக்கத்தில் எங்கள் சித்தப்பா பாரம்பரிய அரிசி விற்கிறார். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி, கிச்சிலிச் சம்பா, பூங்கார் என்று ஒரு பன்னிரண்டு ரகம் இருக்கும். சில வருஷங்களுக்கு முன் ஒருவரிடம் பணம் கொடுத்து வெப்சைட் போட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தையில் சம்பா அறுவடை முடிந்து விலையை மாற்றலாம் என்று உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஒரே ஒரு எண்ணை மாற்றவும் போட்டுக் கொடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று. அவரோ போனை எடுக்கவில்லை. டொமைனும், அதாவது தளத்தின் இணைய முகவரியும், அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது. புதுப்பிக்காமல் விட்டதில் அது காலாவதியாகிப் போக, அரிசிப் பையில் அச்சடித்திருந்த முகவரி ஒன்றுக்கும் ஆகாமல் போனது. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பையாக எடுத்து அந்த முகவரியின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார் சித்தப்பா. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நானே கற்றுக்கொண்டு அவருக்கு ஒன்று கட்டினேன். அப்புறம் நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் ஒரு குடும்பத்துக்கு, திருபுவனத்தில் பட்டு நெய்யும் அத்தை வீட்டுக்கு என்று தொடர்ந்தது. எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது "எது நல்ல மென்பொருள்?" என்றுதான். நான் முதலில் பார்ப்பது வேறு: நாளைக்கு இதை விட்டுப் போக வேண்டி வந்தால் என் கையில் என்ன மிஞ்சும்? இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியை வைத்துத்தான் போகும்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். உங்கள் தளத்துக்கு யார் வருவார், வந்தவர் என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும், அதற்கு அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். சித்தப்பாவுக்கு எழுதியபோது இப்படி வந்தது: சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஒருவர் வருவார், எந்த ரகம் எதற்கு ஏற்றது, கிலோ என்ன விலை, எப்படி அனுப்புவீர்கள் என்று பார்ப்பார், வாட்ஸ்அப்பில் கேட்பார். அவ்வளவுதான். இதற்கு ஐந்து பக்கம் போதும். ஆனால் விளக்கு வார்க்கும் குடும்பத்துக்கு எழுதியபோது படங்கள்தான் பிரதானம் என்று தெரிந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் உயரம், எடை, அன்னத்தின் வேலைப்பாடு நெருக்கத்தில் தெரிகிற படம் என்று நூற்றுக்கணக்கில் சேரும். இரண்டுக்கும் ஒரே மென்பொருள் சரிப்படாது.

தாளில் இன்னொன்றும் எழுதுங்கள்: யார் திருத்தப் போகிறார்கள், எங்கிருந்து, எத்தனை நாளுக்கு ஒரு தடவை? இன்ஜினியரிங் படிக்கும் மருமகன் செய்து கொடுப்பான் என்றால், அவன் வேலை கிடைத்து ஊரை விட்டுப் போன பிறகு யார் செய்வார்? களத்தில் நின்றபடி போனிலேயே விலையை மாற்ற வேண்டும் என்றால், போனில் திருத்த வசதி இல்லாத மென்பொருளை இப்போதே தள்ளிவிடலாம்.

டொமைன் உங்கள் பெயரில்

மென்பொருளைத் தேடுவதற்கு முன் டொமைனை நீங்களே வாங்குங்கள். உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் எண், உங்கள் கார்டு. தளத்தை வேறு யார் கட்டிக் கொடுத்தாலும் இது மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். பல பில்டர் (தளம் கட்டும் சேவை) நிறுவனங்கள் முதல் வருஷம் டொமைன் இலவசம் என்று ஆசை காட்டும். நான் அதை எடுப்பதில்லை. டொமைன் ஒரு இடத்திலும் தளம் ஒரு இடத்திலும் இருந்தால், தளம் பிடிக்காதபோது டொமைனை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிடலாம், வாடிக்கையாளருக்கு முகவரி மாறாது.

டாட் இன், டாட் காம் எதுவானாலும் பரவாயில்லை. தமிழிலேயே .இந்தியா என்றும் டொமைன் உண்டு, ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் போனில் சொல்லும்போதும் மின்னஞ்சல் முகவரிக்கும் சிரமப்படுகிறார்கள் என்பதால் அதைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாமே தவிர அதை மட்டும் நம்ப வேண்டாம். ஊர்ப் பெயரை டொமைனில் போடுவதாக இருந்தால் யோசித்துப் போடுங்கள். கும்பகோணம், திருவிடைமருதூர் எல்லாம் ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதும் பெயர்கள். காதால் கேட்டவர் பிழையில்லாமல் தட்டச்சு செய்ய முடிய வேண்டும்.

புதிதாகப் பதிந்த டாட் காம் டொமைனை முதல் 60 நாள் பொதுவாக வேறு நிறுவனத்துக்கு மாற்ற விடமாட்டார்கள். அப்புறம் மாற்ற ஒரு ரகசியக் குறியீடு தருவார்கள். அந்தக் குறியீட்டைக் கேட்டால் தயங்காமல் தரும் நிறுவனமா என்று வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இருக்கிற வகைகள்

கடையில் நூறு பெயர் இருந்தாலும் அடிப்படையில் மூன்று நான்கு வகைதான்.

முதல் வகை, எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் பில்டர்கள். விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், நம் தமிழ்நாட்டு நிறுவனத்தின் ஸோஹோ சைட்ஸ், கடை நடத்த ஷாப்பிஃபை எல்லாம் இதில் சேரும். ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைக்கும் இணைய இடம்), பாதுகாப்பு, புதுப்பிப்பு எதையும் நீங்கள் தொட வேண்டாம். மவுஸால் இழுத்து வைத்தால் பக்கம் தயார். ஒரே நாளில் தளம் வேண்டும், தொழில்நுட்பம் பார்க்க வீட்டில் ஆளில்லை என்றால் இது நல்ல வழிதான். ஆனால் மாதாமாதம் அல்லது வருஷா வருஷம் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் தளமும் நின்றுவிடும். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. அதில் ஒரு டெம்ப்ளேட்டில் (முன்பே செய்துவைத்த வடிவமைப்பில்) கட்டிவிட்டு அதே தளத்தை இன்னொரு டெம்ப்ளேட்டுக்கு மாற்றவும் முடியாது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும். விக்ஸின் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் வரும், சொந்த டொமைன் இணைக்க முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸில் இலவசத் திட்டமே இல்லை, சோதித்துப் பார்க்க மட்டும் சில நாள் தருவார்கள்.

இரண்டாவது வேர்ட்பிரஸ். 2003-இல் வந்தது, திறந்த மூல மென்பொருள் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், பயன்படுத்தலாம்), உலகத்தில் உள்ள தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. இங்கே பலரும் குழம்பும் ஒரு விஷயம்: வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது மென்பொருளை இலவசமாக இறக்கி நீங்கள் வாங்கிய ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்வது. நான் இந்த வழிகாட்டியில் வேர்ட்பிரஸ் என்று சொல்வது இரண்டாவதைத்தான். பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒரே கிளிக்கில் நிறுவித் தருகின்றன. 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து பிளாக் எடிட்டர் உண்டு, படத்தையும் பத்தியையும் துண்டு துண்டாக அடுக்கிப் பக்கம் கட்டலாம். போனில் திருத்த ஆப் இருக்கிறது. இதன் சுமை பராமரிப்பு. வேர்ட்பிரஸ் தளங்கள் உடைக்கப்படுவது பெரும்பாலும் புதுப்பிக்காமல் விட்ட பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) வழியாகத்தான். மாதம் ஒரு தடவை உள்ளே போய்ப் புதுப்பிப்புகளைப் பார்க்க ஆள் இல்லையென்றால் வேர்ட்பிரஸ் வேண்டாம் என்றே சொல்வேன்.

மூன்றாவது கூகுள் சைட்ஸ், பிளாகர். இரண்டும் இலவசம், இரண்டிலும் சொந்த டொமைனைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் இணைக்கலாம். அழகு குறைவு, வசதி குறைவு. ஆனால் ஊர்க் கோயில் திருப்பணிக் குழு, சின்ன நூலகம், பழைய மாணவர் சங்கம் மாதிரி பணம் செலவழிக்க முடியாத இடத்துக்கு கூகுள் சைட்ஸ் தாராளமாகப் போதும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்துவதுதான் இதில் வசதி.

நான்காவது, இணையப் பக்கத்தை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லைக் கையால் எழுதுவது. விஎஸ் கோட் மாதிரி ஓர் இலவச எடிட்டர், அல்லது ஹ்யூகோ மாதிரி பக்கங்களை உருவாக்கித் தரும் கருவி. கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் இரண்டிலும் இலவசமாக வைக்கலாம். டேட்டாபேஸ் கிடையாது, அதனால் உடைக்க வருகிறவனுக்கு வழி மிகக் குறைவு. போனில் கண் சிமிட்டும் நேரத்தில் திறக்கும். சித்தப்பாவின் ஐந்து பக்கத்தை இதில்தான் முதலில் கட்டினேன், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. விலை மாற்ற என்னைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது என்பதால் ஆறே மாதத்தில் வேர்ட்பிரஸுக்கு மாற்றினேன். பழையவர் செய்ததையே நானும் அவருக்குச் செய்துவிடக் கூடாது என்றுதான்.

வெப்ஃப்ளோ, ட்ரீம்வீவர் இரண்டும் வடிவமைப்பைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு. ஒரே ஒரு தளத்துக்காக அவற்றைக் கற்றுக்கொள்வது வாய்க்காலைத் தாண்ட ஓடம் செய்வது மாதிரி.

வெளியே போகும் வழி இருக்கிறதா?

கொஞ்சம் பழைய கதை. ஒரு காலத்தில் வீட்டிலிருந்தபடி தளம் கட்டியவர்கள் மைக்ரோசாஃப்ட் ஃப்ரண்ட்பேஜில் கட்டினார்கள், 2003 பதிப்போடு அது முடிந்தது. ஃப்ளாஷில் ஆடிப்பாடிய தளங்கள் எல்லாம் 2020 டிசம்பர் 31 வரைதான். நிரல் எழுதாமல் தளம் கட்ட அடோபி கொடுத்த மியூஸ் மென்பொருளுக்கு 2020 மார்ச்சோடு ஆதரவை நிறுத்தினார்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைலுக்குள் இலவசமாகக் கட்டிக்கொண்ட சின்னச் சின்னக் கடைத் தளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. இவை எல்லாமே பெரிய நிறுவனங்கள் கொடுத்தவைதான். பெரிய பெயர் என்பதால் நிலைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் விவசாயிகள் இரண்டு கிலோ விதைநெல் வாங்கிக்கொண்டு போய் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுப்பது நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். விதை கையில் இருப்பதால்தான் அது நடக்கிறது. தளத்துக்கு டொமைன், எழுத்து, படம் மூன்றும்தான் விதைநெல். மென்பொருளைத் தேர்வு செய்யும் முன் இதைச் செய்து பாருங்கள்: சோதனைக் கணக்குத் திறந்து, இரண்டு பக்கம் எழுதி, நான்கு படம் ஏற்றி, உடனே "ஏற்றுமதி" (Export) எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வேர்ட்பிரஸில் கருவிகள் பகுதியில் இருக்கிறது, எழுத்து முழுவதும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக வரும், படங்கள் ஹோஸ்டிங்கில் தனி ஃபோல்டரில் இருக்கும். பிளாகரும் எழுத்தைக் கோப்பாகத் தரும். கூகுள் சைட்ஸை கூகுள் டேக்அவுட் வழியாக எடுக்கலாம். பில்டர்களில் சிலது பொருள்பட்டியலை மட்டும் தரும், சிலது அதுவும் தராது.

வேர்ட்பிரஸிலும் ஒரு குழி இருக்கிறது. சில பேஜ் பில்டர் பிளகின்களில் கட்டிவிட்டு அதை நிறுத்தினால் பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிக்குள் குறியீடுகளாக நிற்கும். முடிந்தவரை வேர்ட்பிரஸின் சொந்த பிளாக் எடிட்டரிலேயே கட்டுங்கள். எந்த மென்பொருளாக இருந்தாலும் எழுத்துக்களை ஒரு சாதாரண டாக்குமெண்டிலும், படங்களின் மூலக் கோப்புகளை ஒரு பென்டிரைவிலும் வையுங்கள்.

தமிழ்ச் சோதனை

டெம்ப்ளேட்டுகள் எல்லாம் ஆங்கிலத்துக்காகச் செய்தவை. மாதிரிப் படத்தில் பிரமாதமாக இருப்பது நம் எழுத்தைப் போட்டதும் குலைந்துவிடும். அதனால் பணம் கட்டும் முன் உங்கள் உண்மையான தமிழ் வாசகத்தை அதில் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

விளக்குக் குடும்பத்துக்காக ஒரு பில்டரைச் சோதித்தபோது தலைப்பு எழுத்து எழுத்தாகத் தோன்றும் ஓர் அனிமேஷன் இருந்தது. "தொடர்புக்கு" என்று போட்டேன். முதலில் த மட்டும் வந்தது. அடுத்து, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் இரண்டு பக்கமும் கொம்பும் காலும் தனியாக நின்றன. அப்புறம் ட, ர, அதை விட்டுத் தள்ளி ஒரு புள்ளி. கணினிக்கு "தொ" என்பது த-வும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு. அதைச் சேர்த்தே வைக்க வேண்டும் என்று அந்த அனிமேஷனை எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அனிமேஷனை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. நிறுத்தவே முடியாத டெம்ப்ளேட்டாக இருந்தால் வேறு பாருங்கள்.

எழுத்துருவைப் பாருங்கள். டெம்ப்ளேட்டின் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் போன் தன்னிடம் உள்ளதைப் போட்டுக்கொள்ளும், போனுக்குப் போன் வேறு மாதிரித் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். இவற்றைத் தேர்ந்தெடுக்கவோ ஏற்றவோ உங்கள் பில்டர் விடுகிறதா? வரி இடைவெளியை எழுத்தளவின் 1.6 மடங்காவது வையுங்கள், இல்லாவிட்டால் மேல் வரியின் "கு", "ழு" கீழ் வரியின் "கி", "ரீ" மேல் இடிக்கும். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டாம்.

டிடிபி சென்டரில் அடித்த பழைய நோட்டீஸ், விலைப்பட்டியல் உங்களிடம் இருக்கலாம். அவை பெரும்பாலும் பாமினி மாதிரி எழுத்துருவில் இருக்கும், ஒட்டினால் ஆங்கில எழுத்தாக உளறும். இணையத்தில் உள்ள மாற்றிகளில் யூனிகோடாக (எல்லாக் கருவியும் படிக்கும் பொது எழுத்து முறையாக) மாற்றி, ஒரு தடவை முழுவதும் படித்துத் திருத்திவிட்டு ஒட்டுங்கள்.

பக்க முகவரியும் ஒரு சிக்கல். வேர்ட்பிரஸ் தலைப்பைப் பார்த்து முகவரியைத் தானே உருவாக்கும். "தூயமல்லி" என்று தலைப்பு வைத்தால் நகல் எடுத்து ஒட்டும்போது அது பல சமயம் 72 எழுத்துள்ள சதவீதக் குறிகளாக மாறிவிடும், ஏனென்றால் கணினிக்கு இந்தச் சொல்லில் எட்டுக் குறியீடு, ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்னவோ வைரஸ் என்று பயப்படுகிறார்கள். பக்க முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள். அதை மாற்ற விடாத மென்பொருள் வேண்டாம்.

போனில் பாருங்கள்

வருகிறவர்கள் போனில்தான் வருவார்கள். வீட்டில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, சிக்னல் குறைவான இடத்துக்குப் போய் டெம்ப்ளேட்டின் மாதிரித் தளத்தைத் திறந்து பாருங்கள். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இலவசம், முகவரியைக் கொடுத்தால் போனில் எப்படி ஓடும் என்று சொல்லும். பெரிய படமோ வாசகமோ தெரிய 2.5 நொடிக்குள் வந்தால் நல்லது என்பது அவர்கள் கணக்கு.

பாதிப் பிரச்சினை படத்தால்தான் வரும். போனில் எடுத்த படம் சாதாரணமாக 3, 4 எம்பி இருக்கும். அதை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் 200 கேபிக்குள் அடங்கிவிடும். பிரௌசரிலேயே ஓடும் ஸ்குவூஷ் (Squoosh) என்ற கருவி இதற்குப் போதும்.

கார்ட் வேண்டுமா, வாட்ஸ்அப் போதுமா?

கார்ட் என்பது பொருளைக் கூடையில் போட்டுத் தளத்திலேயே பணம் கட்டும் வசதி. பெரும்பாலானவர்களுக்கு வாட்ஸ்அப் போதும். "கிளிக் டு சாட்" இணைப்பில் 91 சேர்த்த எண்ணையும் "தூயமல்லி 5 கிலோ வேண்டும்" என்ற வாசகத்தையும் முன்பே வைத்துவிட்டால், பொத்தானைத் தட்டியதும் செய்தி தயாராக நிற்கும், பணம் யுபிஐயில் வந்துவிடும். ஒரு நாளைக்கு வரும் ஆர்டரை நோட்டில் எழுதி முடிக்க முடிகிறவரை கார்ட் தேவையில்லை. முடியாமல் போகும்போது ஷாப்பிஃபை அல்லது வேர்ட்பிரஸில் சேர்க்கும் வூகாமர்ஸ் பக்கம் போகலாம். பேமெண்ட் கேட்வே (தளத்தில் கட்டும் பணத்தை வாங்கித் தரும் சேவை) ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் எவ்வளவு பிடிக்கும் என்பதை அப்போது தனியாகக் கேளுங்கள். பட்டுப்புடவை மாதிரி ஒவ்வொன்றும் ஒரே உருப்படியாக உள்ள பொருளுக்கு, விற்றதும் தானாக இருப்பிலிருந்து கழிய வேண்டும். அத்தை வீட்டில் ஒரே புடவைக்கு இரண்டு பேர் பணம் அனுப்பியதும்தான் கார்ட் போட்டோம். உணவுப் பொருள் விற்பவர்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணைத் தளத்தில் போட்டுவிடுங்கள்.

மூன்று வருஷக் கணக்கு

முதல் வருஷ விலையைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும், அது இரண்டு மூன்று மடங்காகவும் இருக்கலாம். ஒரு தாளில் டொமைன், ஹோஸ்டிங் அல்லது பில்டர் கட்டணம், தீம், பிளகின், மின்னஞ்சல் எல்லாவற்றையும் மூன்று வருஷத்துக்குப் போட்டு, 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து, டாலரில் பில் போட்டால் வங்கி பிடிக்கும் கூடுதலையும் சேர்த்துக் கூட்டுங்கள். எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) சான்றிதழுக்கு மட்டும் தனியாகப் பணம் தர வேண்டாம், லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது, நல்ல ஹோஸ்டிங் நிறுவனங்கள் தாமாகவே போட்டுவிடும்.

ஒரே பக்கம், மூன்று இடம்

இப்போது பட்டியலில் மூன்று மிஞ்சியிருக்கும். ஒரே பக்கத்தை, அதே எழுத்து அதே படத்தோடு, மூன்றிலும் கட்டுங்கள், ஒன்றுக்கு ஒரு மாலை. அப்புறம் நாளைக்குத் திருத்தப் போகிறவரிடம் கொடுத்து "கருப்புக் கவுனி விலையை மாத்துங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா பக்கத்தில் இருங்கள். வாயைத் திறக்கக் கூடாது. சித்தப்பா ஒரு பில்டரில் விலையைத் தொட்டதும் முழுப் பெட்டியும் நகர்ந்து படத்தின் மேல் ஏறிக்கொண்டது, பயந்து கையை எடுத்துவிட்டார். வேர்ட்பிரஸில் எண்ணை அழித்து, புதிதாக அடித்து, "புதுப்பி"யைத் தட்டினார், இரண்டு நிமிஷம் ஆனது. அத்தை மகளுக்கு அதே பில்டர்தான் கையில் பழகியது, அவள் படமாகப் பார்த்து வேலை செய்கிறவள். ஆளைப் பொறுத்துத்தான் முடிவு.

அச்சடிக்கும் முன்

தளம் தயாரானதும் டொமைனை இணைத்து, கூகுள் தேடலில் தளம் வர உதவும் சர்ச் கன்சோலில் பதிந்து, கூகுள் மேப்பில் உள்ள உங்கள் கடைப் பக்கத்தில் புது முகவரியைப் போடுங்கள். பழைய தளம் இருந்தால் அதன் பக்கங்களை 301 என்ற நிரந்தரத் திருப்பல் முறையில் புதியவற்றுக்குத் திருப்பிவிடுங்கள். பேக்கப் எடுத்து வையுங்கள். அதை ஒரு தடவை வேறு இடத்தில் திறந்தும் பாருங்கள், திறக்காத பேக்கப் எதற்கும் உதவாது.

விசிட்டிங் கார்டோ பையோ அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒன்று. டொமைன் வாங்கிய கணக்கில் உங்கள் பாஸ்வேர்டால் நீங்களே நுழைந்து, உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா, காலாவதி தேதி என்ன என்று பாருங்கள். சித்தப்பா போன ஆனியில் அப்படிப் பார்த்துவிட்டு, அந்தத் தேதியை அரிசி மில் கொடுத்த காலண்டரில் சிவப்பு மையால் எழுதி, அப்புறம்தான் பைக்கு ஆர்டர் கொடுத்தார்.